கிணற்றுத் தண்ணீரில் கன உலோகம் பார்க்க நான் செலவழித்த பணம்: ஒரு மீட்டர், ஒரு டப்பா சோதனைப் பட்டை, இரண்டு ஆய்வகங்கள்

ஜாபர்கான்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அடையாற்றுக்கும் நடுவே இரண்டு தெரு. 2015 டிசம்பர் முதல் தேதி இரவு அந்த இரண்டு தெருவும் ஆறாகிவிட்டன. செம்பரம்பாக்கத்தில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்த இரவு அது. எங்கள் மாடிப்படியில் ஒன்பதாம் படி வரை தண்ணீர். வடிந்த பிறகு கூடத்தில் கணுக்கால் ஆழத்துக்குக் கறுப்புச் சேறு. நானும் மச்சினனும் மண்வெட்டியால் அள்ளி அள்ளிப் பின்கட்டில் கொட்டினோம். வேறு எங்கே கொட்டுவது? தெருவிலும் அதே சேறுதான். கிணற்றை மூன்று முறை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, மறுபடி இறைத்தோம்.

மறு வருஷம் என் மனைவி அந்தச் சேற்றின்மேல் முளைக்கீரை விதைத்தாள். அப்படியொரு செழிப்பை நான் பார்த்ததில்லை. அக்கம்பக்கம் எல்லாருக்கும் கட்டுக் கட்டாகக் கொடுத்தோம். பத்து வருஷம் சாப்பிட்டோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இப்போது மகள் பிரசவத்துக்கு வந்தவள் இங்கேயே இருக்கிறாள். பேத்திக்கு ஐந்து மாதம். இன்னும் கொஞ்ச நாளில் கீரை மசித்து ஊட்டலாம் என்று பாட்டி பேச்செடுத்த அன்று மகள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “அப்பா, அந்த மண் எங்கேயிருந்து வந்துச்சு?”

அந்தக் கேள்விக்கு என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் எங்கள் தெருவில் இல்லை. கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு பிளேட்டிங் பட்டறையில், அதாவது உலோக முலாம் பூசும் பட்டறையில், 31 வருஷம் வேலை பார்த்தவன் நான். நிக்கல் தொட்டி, குரோம் தொட்டி, அப்புறம் ஃபோர்மேன். குரோம் தொட்டியில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம் இருக்கும். சரக்கைத் தூக்கும்போது சொட்டுகிற திராவகம் அலசும் தொட்டிக்குப் போகும். அலசும் தொட்டி மஞ்சளானதும் திறந்துவிடுவோம். முறைப்படி அதில் மெட்டா (சோடியம் மெட்டாபைசல்பைட் என்ற உப்பு) போட்டு, மஞ்சள் பச்சையானதும் சுண்ணாம்பு போட்டு, அடியில் படிவதைத் தனியே எடுக்க வேண்டும். ஆறு மதிப்புள்ள குரோமியம், அதாவது அந்த மஞ்சளில் இருக்கும் விஷ வடிவம், லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். எங்கள் பட்டறையில் மெட்டா மூட்டை எப்போதும் இருந்தது. அதைப் பிரித்த நாட்கள் எத்தனை என்று நான் எண்ணியதில்லை. பட்டறை வாசலில் ஒரு வாய்க்கால். அது எங்கே போகிறது என்று நாங்கள் யாரும் கேட்டதும் இல்லை. கூட வேலை செய்த ஒருவருக்குக் குரோம் ஆவி பட்டே மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழுந்துவிட்டது. ஈர்க்குச்சியை இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்துக் காட்டிச் சிரிப்பார்.

ஆகவே மகள் கேட்டதும் நான் பரிசோதனை பார்க்கக் கிளம்பிவிட்டேன். இரண்டரை மாதத்தில் நான்கு விதமாகப் பார்த்தேன். எது தேறியது, எது தேறவில்லை என்று எழுதுகிறேன். பெயர்கள் போடவில்லை, எனக்கு வழக்கு நடத்தத் தெம்பு இல்லை. என்ன கேட்டு வாங்க வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பெயர் தேவையும் இல்லை.

முதலில் மீட்டர். நான் வாங்கப் போகவில்லை, அதுவாக வீட்டுக்கு வந்தது. ஆர்.ஓ. இயந்திரம் விற்கும் பையன், கழுத்தில் டை, கையில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டுவது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் விட்டான், 1,180 காட்டியது. “பார்த்தீங்களா சார், இவ்வளவும் ஹெவி மெட்டல்” என்றான். அப்புறம் பையிலிருந்து இன்னொன்றை எடுத்தான். இரண்டு தம்ளரில் இரண்டு இரண்டு கம்பி விட்டு, கரண்ட் கொடுக்கும் பெட்டி. எங்கள் தண்ணீர் ஒரு நிமிஷத்தில் பச்சையாகி, பழுப்பாகி, மேலே அழுக்கு மிதந்தது. அவன் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நின்றது. என் மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

தம்பி பாவம், 31 வருஷம் ஆனோடு கேத்தோடு மாட்டியவன் வீட்டுக்கு வந்துவிட்டான். அடுப்படியிலிருந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்து அவனுடைய ஆர்.ஓ. தண்ணீரில் போட்டு, “இப்ப விடுப்பா” என்றேன். அதுவும் பழுப்பானது. கரைவது அவனுடைய இரும்புக் கம்பி. உப்பு இருக்கும் தண்ணீரில் கரண்ட் ஓடும், கம்பி கரையும், துரு மிதக்கும். உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் ஓடாது. அவ்வளவுதான் வித்தை. பையன் கோபிக்கவில்லை. “கம்பெனில இப்படித்தான் சார் சொல்லிக் குடுத்தாங்க” என்று காபி குடித்துவிட்டுப் போனான்.

ஆனால் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் 250 ரூபாய் கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். அது தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதை அளந்து, ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. கல்சியம், சோடியம், குளோரைடு எல்லாம் அதில் சேரும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 ஈயத்துக்குக் கொடுத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். பாதரசத்துக்கு 0.001. மீட்டரின் கடைசி இலக்கமே 1 மில்லிகிராம். அதாவது பாதரசம் வரம்பைப் போல ஆயிரம் மடங்கு ஏறினாலும் மீட்டரில் 1,180 என்பது 1,181 ஆகும். உப்புக் கரிப்பு பார்க்க நல்ல சாமான். மற்றதற்குப் பேனாவே மேல், எழுதவாவது உதவும்.

இரண்டாவது, ஆன்லைனில் மாப்பிள்ளை ஆர்டர் போட்டுக் கொடுத்த சோதனைப் பட்டை. டப்பா 899 ரூபாய், உள்ளே 50 பட்டைகள், ஒவ்வொன்றிலும் 16 சதுரங்கள். ஈயம், பாதரசம், குரோமியம், தாமிரம், இரும்பு, நைட்ரேட், கடினத்தன்மை என்று எல்லாம் ஒரே முக்கில். டப்பாவின்மேல் வண்ண அட்டவணை. முக்கி, உதறி, ஒரு நிமிஷம் கழித்து ஒப்பிட வேண்டும்.

முதல் சிக்கல், வெளிச்சம். டியூப் லைட் அடியில் பார்த்தால் பாதரசச் சதுரம் முதல் நிறத்தில் இருக்கிறது. வாசலில் வெயிலில் பார்த்தால் இரண்டாவது. மனைவி கண்ணுக்கு மூன்றாவது. மகள் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்து, எல்லாமே பழுப்புதான் என்றாள்.

சரி, பட்டை என்ன பார்க்கிறது என்று நாமே சோதித்துவிடுவோம் என்று பழைய கூட்டாளி ஒருவருடைய பட்டறைக்குப் போனேன். அவர் இன்னும் குரோம் போடுகிறார், சின்ன அளவில், சுத்திகரிப்பு வசதியோடு. தொட்டியிலிருந்து ஒரு மில்லி எடுத்து ஒரு லிட்டர் சுத்தத் தண்ணீரில் கலந்தோம். 250 கிராம் குரோமிக் அமிலத்தில் குரோமியம் மட்டும் 130 கிராம், எனவே இந்தக் கலவையில் லிட்டருக்கு 130 மில்லிகிராம். கண்ணுக்கே மஞ்சள் தெரிந்தது. பட்டையும் நன்றாக நிறம் மாறியது. அதிலிருந்து ஒரு மில்லி எடுத்து இன்னொரு லிட்டரில் விட்டோம். இப்போது 0.13 மில்லிகிராம். பார்க்கப் பளிங்குத் தண்ணீர். குடிநீர் வரம்பு 0.05, ஆகவே இது வரம்பைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். பட்டையை முக்கினோம், மாறவில்லை. இன்னொன்றை முக்கினோம், அதுவும் மாறவில்லை. அட்டவணையை அப்புறம்தான் கண்ணாடி போட்டுப் படித்தேன். குரோமியத்துக்குப் பூஜ்யத்துக்கு அடுத்த நிறமே 2 மில்லிகிராம். கூட்டாளி இரண்டு குடுவையிலும் மெட்டா போட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் ஊற்றினார். “அப்பவே இப்படிப் பண்ணியிருக்கலாம்ல?” என்றார். நான் பதில் சொல்லவில்லை.

பட்டை முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். கடினத்தன்மையும் நைட்ரேட்டும் ஓரளவு சரியாகவே காட்டியது, அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என் டப்பாவில் நைட்ரேட் சதுரம் மூன்று முறையும் சிவந்தது. நான் கவனிக்கவில்லை. என் கண் முழுக்கக் குரோமியத்தின்மேல்.

மூன்றாவது, வீட்டுக்கே வந்து மாதிரி எடுக்கும் ஆய்வகம். 2,400 ரூபாய்க்கு 14 அளவீடுகள், கன உலோகம் உட்பட, 48 மணி நேரத்தில் அறிக்கை. வந்த பையன் பைக் பெட்டியிலிருந்து ஒரு மினரல் வாட்டர் பாட்டிலை எடுத்தான். லேபிளைக் கிழித்த பசை அப்படியே இருந்தது. கிணற்று மோட்டார் குழாயில் பிடித்து, மூடி, பெட்டியில் போட்டான். ஐஸ் இல்லை. அமிலம் இல்லை. எத்தனை மணிக்கு எடுத்தது என்றும் எழுதவில்லை. “தம்பி, நைட்ரிக் போட மாட்டீங்களா?” என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அன்று அவனுக்கு இன்னும் ஏழு வீடு பாக்கி.

நைட்ரிக் அமிலம் ஏன் என்றால், உலோகம் தண்ணீரில் மிதந்துகொண்டு ஆய்வகம் வரை காத்திருக்காது. பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். பாதரசம் இன்னும் மோசம், சாதாரணப் பிளாஸ்டிக் வழியாகவே கசிந்து வெளியேறும். எடுத்தவுடன் அமிலம் விட்டு, கண்ணாடிப் பாட்டிலில் வைத்தால்தான் நிற்கும். மினரல் வாட்டர் பாட்டிலில் வெயிலில் எட்டு வீடு சுற்றிய தண்ணீரில் பாதரசம் இல்லை என்று அறிக்கை வந்தால், அது பாட்டிலுக்கு நல்ல சான்றிதழ்.

அறிக்கை சொன்னபடி இரண்டு நாளில் வந்தது, அதில் குறை இல்லை. பளபளப்பான பி.டி.எஃப்., மூலையில் என்.ஏ.பி.எல். முத்திரை, ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியத்துடையது. பாதரசம்: கண்டறியப்படவில்லை. மகள் சந்தோஷப்பட்டாள். நான் அடிக்குறிப்பைப் படித்தேன். கண்டறியும் எல்லை 0.01 மில்லிகிராம். அதே வரிசையில் பக்கத்துக் கட்டத்தில் அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.001. வரம்பைப் போல ஒன்பது மடங்கு பாதரசம் இருந்தாலும் இவர்களுடைய கருவிக்கு அது கண்ணிலேயே படாது. விறகுத் தராசில் மூக்குத்தி நிறுத்துவிட்டு, தங்கமே இல்லை என்கிறார்கள். ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் நாலுக்கும் பக்கத்தில் சின்ன நட்சத்திரக் குறி வேறு. அதன் பொருள், இந்த அளவீடுகள் அவர்களுடைய என்.ஏ.பி.எல். அங்கீகாரத்தில் இல்லை என்பது. முத்திரை ஆய்வகத்துக்கு மொத்தமாகத் தருவது இல்லை, எந்தப் பொருளில் எந்த அளவீட்டை எந்த முறையில் என்று பட்டியல் போட்டுத் தருவது. பணம் கட்டுமுன் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். போன் பண்ணிச் சொன்னேன். மறுமுனையில் ஒரு பெண் மிக மரியாதையாக, ரிப்போர்ட் நார்மல்தானே சார், உங்களுக்கு என்ன பிரச்னை என்றாள்.

நாலாவதாகத்தான் உருப்படியான இடம் கிடைத்தது. ஊருக்கு வெளியே, தொழிற்பேட்டை ஓரம், இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, வண்டி நிறுத்த இடம் இல்லை. போனை எடுக்கவே மாட்டார்கள். இதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் இவர்களைப் புகழத்தான் போகிறேன்.

மாதிரி வாங்கும் மேஜையில் ஒரு பெண், என் மகள் வயது இருக்கும். நான் கையோடு மூன்று சாமான் கொண்டு போயிருந்தேன். ஒரு கேன் கிணற்றுத் தண்ணீர், ஒரு பை கீரை, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய ஆற்றுச் சேறு. சேறு யாரும் கேட்கவில்லை. நானாகவே பாலத்தடியில் இறங்கி அள்ளினேன். முட்டை அழுகிய நாற்றம், தார் மாதிரிக் கறுப்பு. கேனைப் பார்த்ததும் அந்தப் பெண், “இந்தத் தண்ணிய நான் வாங்க மாட்டேன் சார்” என்றாள். எனக்கு அப்போதே பிடித்துப் போயிற்று. வர்றேன் என்கிற பணத்தை வேண்டாம் என்கிற இடம்.

அமிலம் விட்ட இரண்டு பாட்டில்கள் கொடுத்தாள். பாதரசத்துக்குத் தனியாகக் கண்ணாடியில் ஒன்று. ஒரு ஐஸ் பெட்டி, ஒரு படிவம். படிவத்தில் கிணற்றின் ஆழம், குழாய் என்ன உலோகம், எத்தனை மணி நேரம் திறக்காமல் இருந்தது என்று கேள்விகள். காலையில் எழுந்ததும் முதல் தண்ணீர் ஒரு பாட்டில், ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஒரு பாட்டில் என்று பிடித்துவரச் சொன்னாள். எதற்கு இரண்டு என்றேன். “முதல் தண்ணில உங்க குழாய் தெரியும், ரெண்டாவதுல உங்க கிணறு தெரியும் சார்.”

பின்கட்டு மண்ணை ஐந்து இடத்தில் ஒரு சாண் ஆழத்துக்கு எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்திக் கொண்டுவரச் சொன்னாள். கீரையை வீட்டில் எப்படிக் கழுவுவோமோ அப்படிக் கழுவி. ஆற்றுச் சேற்றை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதற்குத் தனிக் கட்டணம், தவிர ஒரு பாட்டில் சேறு ஆற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாது, பத்து இடத்தில் எடுக்க வேண்டும் என்றாள். உண்மைதான். ஆனாலும் எனக்கு ஏமாற்றம். இவ்வளவு தூரம் வந்தது அதற்காகவும்தானே.

பில்: தண்ணீரில் உலோகங்கள் 3,600, முதல் தண்ணீரில் ஈயம் மட்டும் 700, பொதுச் சோதனை 1,100, மண் 3,300, கீரை 3,300. மொத்தம் 12,000, ஜி.எஸ்.டி. சேர்த்து 14,160. ஓய்வுபெற்றவனுக்குப் பெரிய தொகை. மகள் பாதி கொடுத்தாள்.

பணம் கட்டிவிட்டு எழுந்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்த பேச்சு நடந்தது. தண்ணீரில் பாதரசம் எவ்வளவு துல்லியமாகப் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். 0.0005 வரை என்றாள், அது வரம்பில் பாதி, போதும். அப்புறம் பேனாவை மூடி வைத்துவிட்டு, “வீட்ல பாலூட்டுற பொண்ணு இருக்குன்னு எழுதியிருக்கீங்க. சுறாப்புட்டு செய்யறீங்களா சார்?” என்றாள்.

செய்கிறோமே! வாரம் ஒரு முறை. பால் சுறா வாங்கி, வேகவைத்து உதிர்த்து, பூண்டு அள்ளிப் போட்டு. பால் சுரக்கும் என்று என் அம்மா என் மனைவிக்குச் செய்தது, என் மனைவி மகளுக்குச் செய்கிறாள்.

“பாதரசத்துக்குத் தண்ணி கொண்டு வர்றீங்க. அது இருக்கிற இடம் மீன் சார்” என்றாள். பின்னால் காத்திருந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு ஐந்து நிமிஷம் விளக்கினாள். நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். நகரத்து ஆற்றுக்குப் பாதரசம் வருவதற்குப் பெரிய ஆலை தேவையில்லை. உடைந்த டியூப் லைட், பழைய ரத்த அழுத்தக் கருவி, பாதிக்குப் பாதி பாதரசம் கலந்த பல் அடைப்பு, நிலக்கரிப் புகை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து சேரும். சேர்ந்தது தண்ணீரில் நிற்காது, சேற்றில் இறங்கிவிடும். காற்றில்லாத கறுப்புச் சேற்றில் சல்பேட் என்ற கந்தக உப்பைக் கொண்டு சுவாசிக்கும் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக மாற்றும். கடல் தண்ணீர் ஏறி இறங்கும் முகத்துவாரங்கள் அதற்கு வாகான இடம். அதைப் புழு தின்ன, புழுவைச் சின்ன மீன் தின்ன, அதைப் பெரிய மீன் தின்ன, படிக்குப் படி ஏறும். சுறா அந்தப் படிக்கட்டின் உச்சி. சுறாவுக்கு எங்கள் அடையாறுதான் காரணம் என்று இல்லை, உலகத்துப் பாதரசமெல்லாம் கடைசியில் கடலுக்குத்தான் போகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் சுறா சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பட்டியலே போட்டிருக்கிறதாம். பால் சுறா சின்ன ரகம், பெரிய சுறா அளவுக்கு இருக்காது, ஆனாலும் வாரா வாரம் வேண்டாமே என்றாள். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் 1956இல் நோய் வெளியே தெரிந்தபோது யாரும் பாதரசத் தண்ணீரைக் குடித்திருக்கவில்லை. மீன்தான் சாப்பிட்டார்கள்.

எனக்கு அதில் பிடிபட்ட விஷயம் வேறு. குரோமியம் ஆறு மதிப்பில் இருக்கும்போதுதான் ஆபத்து. மெட்டா போட்டு மூன்று மதிப்பாக்கிவிட்டால் அடங்கிவிடும். காற்றில்லாத சாக்கடைச் சேறும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாங்கள் போடாமல் விட்ட மெட்டாவை ஆறு இத்தனை வருஷமாகத் தானே போட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அதே சேறு பாதரசத்தை மட்டும் இன்னும் கெட்டதாக்கிவிடுகிறது. ஹார்லிக்ஸ் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் வந்தபோது முழுக்க இதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அறிக்கை ஆறு நாள் என்றார்கள், ஒன்பதாம் நாள் வந்தது. விளக்கம் ஒரு வரி இல்லை. கடைசியில், இம்முடிவு கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டும் என்று ஒரு குறிப்பு. ஆனால் எண்கள் எண்களாக இருந்தன. பாதரசம் 0.0005க்குக் கீழே. மொத்தக் குரோமியம் 0.006, வரம்பு 0.05. முதல் தண்ணீரில் ஈயம் 0.014. வரம்பைத் தாண்டிவிட்டது. ஐந்து நிமிஷம் ஓடவிட்ட தண்ணீரில் 0.001க்குக் கீழே. அதாவது ஆறு இல்லை, கிணறு இல்லை, வீடு கட்டிய நாளிலிருந்து நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்த பித்தளைக் குழாய். பித்தளையில் கடைசலுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஈயம் சேர்ப்பார்கள். எனக்கே தெரிந்த விஷயம், என் வீட்டில் தோன்றவில்லை. அன்று சாயந்திரமே 480 ரூபாய்க்கு ஸ்டீல் குழாய் மாற்றியாயிற்று. குழந்தை உடம்பு பெரியவர்களைப் போல நாலைந்து மடங்கு ஈயத்தை உறிஞ்சும் என்கிறார்கள், இந்த வயதில் அதோடு விளையாட முடியாது.

வரம்பைத் தாண்டிய இன்னொன்று நைட்ரேட். 62 மில்லிகிராம், வரம்பு 45. சாக்கடை கிணற்றுக்குள் கசிகிறது என்று பொருள். கைக்குழந்தைக்குப் பால் பவுடர் கலக்க இந்தத் தண்ணீர் கூடவே கூடாது. காய்ச்சினால் நைட்ரேட் போகாது, சுண்டுவதால் இன்னும் ஏறும். நல்லவேளை, குடிக்க நாங்கள் மெட்ரோ தண்ணீர்தான் பிடிக்கிறோம். குளிக்கத் துவைக்கத்தான் கிணறு. இதைத்தான் அந்த 899 ரூபாய்ப் பட்டை முதல் நாளே சிவப்பாகச் சொல்லியது.

மண்ணில் கிலோவுக்கு ஈயம் 61 மில்லிகிராம், மொத்தக் குரோமியம் 74. வரம்பு என்ற கட்டத்தில் வெறும் கோடு. அது போதுமா, அதிகமா? அறிக்கையில் இல்லை. மகள் தேடிப் பார்த்தாள். வீட்டு மண்ணில் ஈயத்துக்கு அமெரிக்காவில் 400 என்று வைத்திருந்ததை 2024இல் 200 ஆகக் குறைத்திருக்கிறார்கள், கலிஃபோர்னியாவில் 80. அந்தக் கணக்கில் நாங்கள் கரையோரமாக நிற்கிறோம். கீரையில் ஈயம் 0.11. சர்வதேச உணவுத் தரமான கோடெக்ஸில் கீரைக்கு 0.3. தேறிவிட்டது. இருந்தாலும் மனைவி இப்போது கீரையை நாலு தண்ணீரில் அலசுகிறாள், பேத்திக்கு மாடியில் தொட்டி வைத்துப் புது மண்ணில் தனியாக விதைத்திருக்கிறாள். தவழ ஆரம்பித்ததும் பின்கட்டுப் பக்கம் விடக் கூடாது என்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாயிற்று. கீரையைவிடக் கை மண் வாய்க்குப் போவதுதான் பயம்.

சுறாப்புட்டு விஷயத்தில்தான் வீட்டில் இரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லை. “எங்க அத்தை செஞ்சு கொடுத்துத்தானே நான் ரெண்டு புள்ளைங்களை வளர்த்தேன்?” என்றாள் மனைவி. அத்தை என்றது என் அம்மாவை, ஆகவே நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் மகள்தான் சமாதானம் செய்தாள். இப்போது அதே பூண்டு, அதே பக்குவம், நெத்திலியில். ருசி சுறாவுக்கு ஈடில்லைதான், ஒத்துக்கொள்கிறேன். மத்தியும் வாங்குகிறோம். மீன்காரம்மா எங்களுக்கு என்னவோ பணக் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டு கூட இரண்டு அள்ளிப் போடுகிறார்.

நட்சத்திரம் போடச் சொன்னால்: மீட்டருக்கு ஒன்று, உப்புக்காக. பட்டைக்கு இரண்டு, இரண்டாவது நைட்ரேட்டுக்காக. வீட்டுக்கு வரும் ஆய்வகத்துக்கு ஒன்றும் கிடையாது. மாடி ஆய்வகத்துக்கு நாலு. ஐந்தாவதைப் பிடித்து வைத்திருப்பது போனை எடுக்காததற்கும் அந்த வெறும் கோட்டுக்கும். அந்தப் பெண் வேறு வேலைக்குப் போய்விட்டால் இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்லிக்ஸ் பாட்டில் இன்னும் மொட்டைமாடி மதில்மேல் இருக்கிறது. சேறு அடியில் இறங்கி, மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தெளிந்த தண்ணீர். பார்க்கக் குடிக்கலாம் போல இருக்கும். நாற்றம் வருகிறது, தூக்கிப் போடுங்கள் என்று மனைவி தினம் சொல்கிறாள். பின்கட்டில் கொட்ட முடியாது. குப்பை வண்டியில் போட்டால் குப்பைமேட்டுக்குப் போகும். எடுத்த இடத்திலேயே கொட்டிவிட்டு வாருங்கள் என்கிறாள். இரண்டு முறை பாட்டிலை எடுத்துக்கொண்டு பாலம் வரை போனேன். திரும்பக் கொண்டுவந்து மதில்மேலேயே வைத்துவிட்டேன்.